ஐந்தாம் அத்தியாயம்: கீர்த்திக்கு அடுத்த தெரு

குறைந்த செலவில் நல்ல ஐரோப்பியச் சிவப்பு ஒயின்களைத் தேர்ந்து வாங்கும் முறை

திராட்சையின் ஜாதிகளையும், புளிப்பு, துவர்ப்பு, மணம் ஆகியவற்றைப் பகுத்து உணரும் வகையையும் முன் அத்தியாயங்களில் ஒருவாறு பார்த்தோம். அவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும், கடையின் அலமாரிக்கு முன்னே போய் நிற்கையில், நூற்றுக்கணக்கான புட்டிகளில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று புரியாமல், லேபிளில் உள்ள சித்திரம் அழகாயிருக்கிறது என்பதற்காகவோ, விலை அதிகமுமில்லாமல் குறைவுமில்லாமல் இருக்கிறது என்பதற்காகவோ, ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவதே பெரும்பாலோரின் வழக்கமாயிருக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ குடியிருந்துகொண்டு, வார இறுதியில் வீட்டுச் சாப்பாட்டோடு ஓரிரு கோப்பை அருந்த விரும்பும் குடும்பஸ்தருக்கு இந்தத் திகைப்பு நீங்க வேண்டுமானால், மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்.

கோயிலின் மாட வீதியில் மனை வாங்குகிறவர் சந்நிதியின் பெருமைக்கும் சேர்த்தே கிரயம் கொடுக்கிறார். அடுத்த தெருவில் வாங்குகிறவரோ அதே மண்ணையும் அதே காற்றையும் பாதி விலைக்கு அடைந்து, நாலு அடி கூட நடந்து அதே சுவாமியைத் தரிசித்து வருகிறார். ஐரோப்பாவின் ஒயின் பிரதேசங்கள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட அடுத்த தெரு ஒன்று இருக்கிறது. பிரசித்தி பெற்ற ஊரின் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கத்தில், அதே ஜாதித் திராட்சையை, பல சமயங்களில் அதே குடியானவரே பயிரிட்டு, அடக்கமான பெயரில் விற்கிறார். அந்தத் தெருக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கொடுக்கும் பணம் எங்கே போகிறது

மிகவும் மலிவானதை வாங்குவது சிக்கனம் என்று நினைப்பது இயல்பே. ஆனால் தீர்வை விதிக்கும் தேசங்களில் அது சிக்கனமாக முடிவதில்லை. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டு முதல் 2025 ஜனவரி வரையில், 11.5 முதல் 14.5 சதவீதம் வரை மதுசாரம் உள்ள ஒயினுக்கு, புட்டி மலிவானதாயினும் விலையுயர்ந்ததாயினும், 2 பவுன் 67 பென்ஸ் தீர்வை இருந்தது. அதன் மேல் 20 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி. 6 பவுன் விலையுள்ள புட்டியில் 1 பவுன் வரிக்கும், 2 பவுன் 67 பென்ஸ் தீர்வைக்கும் போய்விட, மிஞ்சிய 2 பவுன் 33 பென்ஸுக்குள் கடைக்காரரின் லாபம், கப்பல் கூலி, கண்ணாடி, தக்கை, லேபிள் எல்லாம் அடங்கி, அவற்றுக்கும் பிறகு எஞ்சியது எதுவோ அதுவே ஒயினின் விலை. 12 பவுன் புட்டியிலோ வரியும் தீர்வையும் கழிந்த பின் 7 பவுன் 33 பென்ஸ் நிற்கிறது. கொடுத்த பணம் இரண்டு மடங்கானால், ஒயினுக்கும் வியாபாரத்துக்கும் எஞ்சும் தொகை மூன்று மடங்குக்கு மேலாகிறது. 2025 பிப்ரவரி முதல் தீர்வையை மதுசாரத்தின் அளவை ஒட்டிக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் இந்தக் கணக்கின் தன்மை மாறவில்லை.

பிரான்ஸில் தீர்வை புட்டிக்குச் சில சென்ட்டுகளே. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய தேசங்களில் சாதாரண ஒயினுக்குத் தீர்வையே கிடையாது. ஆகையால் அங்கே நல்ல ஒயின் இன்னும் தாழ்ந்த படியிலிருந்தே தொடங்குகிறது. என் அபிப்பிராயத்தில், பிரிட்டனில் 9 முதல் 14 பவுன் வரையிலும், ஐரோப்பியக் கண்டத்தில் 6 முதல் 12 யூரோ வரையிலும் உள்ள புட்டிகளிலேயே கொடுத்த பணத்துக்கு அதிகப் பலன் கிடைக்கிறது.

மேலே ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும்? செலவு மிகுந்த முறை என்று பேசப்படும் புதிய ஓக் பீப்பாயையே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமான போர்தோ பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். அதாவது 300 புட்டி. பீப்பாயின் விலையை ஆயிரம் யூரோ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், புட்டி ஒன்றுக்கு மூன்றரை யூரோவைத் தாண்டாது. நல்ல மண், குறைந்த மகசூல், கையால் பறிக்கும் கூலி ஆகியவை எல்லாம் சேர்ந்தும் விலையை ஓரளவுக்குத்தான் உயர்த்த முடியும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அருமைக்கும் கீர்த்திக்குமான காணிக்கை.

லேபிளைப் படிக்கும் வகை

பிரான்ஸ் தேசத்தில் ஊர்ப் பெயரைக் கண்டவர் கண்டபடி உபயோகிக்காமல் தடுப்பதற்காக 1935-ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். இத்தாலி 1963-இல் அதே வழியைப் பின்பற்றியது. ஆகவே ஐரோப்பிய லேபிளில் முதன்மையாக நிற்பது ஊரின் பெயர். எந்த ஊரில் எந்தத் திராட்சை என்பது அந்த ஊரின் விதியில் அடங்கியிருப்பதால், திராட்சையின் பெயர் பல புட்டிகளில் அச்சிடப்படுவதே இல்லை.

ஊருக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, ஒயினைப் புட்டியில் அடைத்தவர் யார் என்பது. 'மீஸ் ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ' என்றோ, 'ஓ தொமேன்' என்றோ பிரெஞ்சில் இருந்தால், தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்று பொருள். இந்த விவரம் பெரும்பாலும் லேபிளின் அடிவரியில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறிய எழுத்தில் இருக்கும். பல பிரெஞ்சுப் புட்டிகளின் தக்கையை மூடிய உறையின் உச்சியிலும் ஒரு குறி உண்டு: மரியான் என்னும் பெண் உருவத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளில் 'ஆர்' என்ற ரோமன் எழுத்து இருந்தால் விளைவித்தவரே விற்கிறார், 'என்' இருந்தால் வியாபாரி. வியாபாரிகள் எல்லோரும் தாழ்ந்தவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் பெயர் தெரியாத இரண்டு புட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், 'ஆர்' உள்ளதை எடுப்பவர் அதிகம் ஏமாறுவதில்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். இத்தாலியின் பார்பரெஸ்கோவில் 1958-இல் தோன்றிய குடியானவர்களின் கூட்டுறவு, அந்த ஊரின் பெரிய பண்ணைகளுக்கு ஈடான ஒயினை அவற்றினும் குறைந்த விலையில் தருவதை ஒருமுறை ருசித்தவர்கள் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள்.

நம்பக்கூடாத அடையாளங்களும் சில உண்டு. 'பழைய கொடிகள்' என்று பிரெஞ்சு லேபிள் பெருமை பேசினால், அந்தக் கொடிக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. 'ரெஸெர்வ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு, ஸ்பெயினில் 'ரெசெர்வா' என்பதற்கு உள்ளதைப் போன்ற கட்டுப்பாடு கிடையாது. கனத்த கண்ணாடிப் புட்டி வாங்குகிறவரின் கையைத்தான் வலிக்கச் செய்யும். உள்ளே இருப்பதன் தரத்தை உயர்த்தாது. பொன் முலாம் பூசிய வட்டப் பதக்கங்களைப் பொறுத்தவரை, எந்தப் போட்டி, எந்த அறுவடை ஆண்டு என்று பார்க்காமல் மயங்க வேண்டாம்.

பிரான்ஸ்: நான்கு அடுத்த தெருக்கள்

போர்தோவின் கீர்த்திக்குப் பெரும் ஆதாரமாக இருப்பது 1855-ஆம் ஆண்டுப் பட்டியல். பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் அன்றைய சந்தை விலையை ஒட்டி வகுத்த அந்த வரிசையில், கிராவ் பகுதியைச் சேர்ந்த ஓ பிரியோன் ஒன்று தவிர, சிவப்பு ஒயின் பண்ணைகள் யாவும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை. அதில் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய ஒரே பண்ணை மூத்தோன் ரோத்ஷீல்ட். அது நடந்தது 1973-இல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பட்டியல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்போது, அதற்கு வெளியே உள்ளவர்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் விலையை உயர்த்துவது கடினம். வாங்குகிறவருக்கு அதுவே லாபம்.

போர்தோ வட்டாரத்து நதியின் வலது கரையில், செயின்ட் எமிலியோனுக்குக் கிழக்கே போனால் காஸ்தியோன் வருகிறது. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த நூற்றாண்டு யுத்தத்தின் கடைசிப் போர் 1453-இல் இந்த ஊரில்தான் நடந்தது. செயின்ட் எமிலியோனின் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலம் அந்த ஊரின் எல்லையோடு நின்றுவிடாமல் இங்கேயும் தொடர்கிறது. பயிராவதும் அதே மெர்லோ, அதே கபெர்நே ஃப்ரான். காஸ்தியோன் கோத் தெ போர்தோ என்ற பெயருள்ள புட்டி, நல்ல தோட்டத்தினுடையதாயிருந்தால், அண்டை ஊரின் ஒயினுக்குக் கொடுப்பதில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. பூர்க், பிளாய், ஃப்ரோன்சாக் ஆகிய ஊர்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. சிறிய போர்தோ தோட்டங்களை வாங்குவதில் மட்டும் ஆண்டைக் கவனிக்க வேண்டும். பண்ணை பெரிதானால் கெட்ட ஆண்டிலும் பொறுக்கி எடுத்துச் சமாளிக்கும். சிறியவருக்கு அந்த வசதி இல்லை. 2016, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் வெயில் எல்லோருக்கும் அருள் செய்தது. 2013-இல் எவருக்கும் செய்யவில்லை.

ரோன் நதிக்கரையின் வடபாகத்தில் எர்மிதாஷ் என்ற ஒரு குன்று இருக்கிறது. அதன் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 140 ஹெக்டேர்தான். அதனால் அதன் ஒயின் செல்வந்தர்களுக்கே உரியதாகிவிட்டது. அந்தக் குன்றைச் சூழ்ந்து பத்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் கிடப்பது க்ரோஸ் எர்மிதாஷ். இரண்டிலும் சிவப்பு ஒயினுக்கு உரிய திராட்சை சிரா. நன்றாக விளைந்த சிராவைக் கோப்பையில் ஊற்றி, ஒருமுறை சுழற்றி முகர்ந்தால், கறுத்த பழத்தின் வாசனைக்கு நடுவே அப்போதுதான் அம்மியில் நுணுக்கிய மிளகின் காரமான மணம் வரும். இது வெறும் பிரமை என்று யாரும் நினைக்க வேண்டாம். மிளகுக்கு மணத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே சிராவின் தோலிலும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ரோனின் தென்பாகத்தில் கிரெனாஷ் தலைமை வகிக்கிறது; சிராவும் மூர்வேத்ரும் துணை நிற்கின்றன. இங்கே படிகள் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன: கோத் து ரோன் அடிப்படி, அதற்கு மேல் கோத் து ரோன் வில்லாஜ், அதற்கும் மேல் கிராமத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்ட வில்லாஜ், உச்சியில் தன் பெயராலேயே நிற்கும் கிராமங்கள். ஜிகோந்தாஸ் 1971-இலும், வாக்கேரா 1990-இலும், கேரான் 2016-இலும் உச்சிப் படியில் ஏறின. ஒரு கிராமம் ஏறியதும் அதன் விலையும் ஏறுகிறது என்பதால், இன்னும் ஏறாமல் மூன்றாம் படியில் காத்திருக்கும் கிராமங்களின் புட்டிகளைத் தேடுவதே புத்திசாலித்தனம். தேட நேரமில்லாதவர்க்கு, அம்ப்வி ஊரின் கிகால் குடும்பத்தார் பெரிய அளவில் தயாரிக்கும் சாதாரண கோத் து ரோன் இருக்கிறது. பல கடைகளிலும் கிடைப்பதோடு, அளவு பெருகியும் தரம் தாழாத ஒயின் அது.

பர்கண்டியின் பினோ நுவார், சிறிய நிலத்தையும் பெரிய கீர்த்தியையும் ஒருங்கே கொண்டிருப்பதால், நம் நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல் போஜோலே இருக்கிறது. அங்கே விளையும் காமே என்ற திராட்சையை 1395-இல் பர்கண்டியின் பிரபு ஃபிலிப் தம் நிலத்திலிருந்து ஓட்டிவிட்டார். அது போய்ச் சேர்ந்த கருங்கல் மண்ணோ அதற்கு மிகவும் பொருத்தமாய் அமைந்தது. நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமையில் ஆரவாரத்தோடு வெளிவரும் புது ஒயினால் போஜோலேக்குப் பெயரும் கிடைத்தது, பெயர்கேடும் கிடைத்தது. ஆகையால் அந்தப் பிரதேசத்தின் தலைசிறந்த பத்து வட்டாரங்கள், மொர்கோன், ஃப்ளூரி, மூலன் ஆ வான் முதலியவை, தங்கள் ஒயினுக்குப் பெரும்பாலும் வட்டாரத்தின் பெயரை மட்டுமே முகப்பில் போடுகின்றன. போஜோலே என்ற சொல்லை அங்கே தேடினால் காண்பது அரிது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் இருந்த மொர்கோனை ஊற்றும்போது, கோப்பைக்குப் பின்னால் வைத்த விரல் தெரியும்படி நிறம் தெளிந்திருக்கும். முதல் மிடற்றில் செர்ரிப் பழத்தின் புளிப்பும், விழுங்கிய பின் ஈரக் கல்லை நினைவூட்டும் ஒரு சுத்தமும், நாக்கின் ஓரத்தில் மட்டும் லேசான துவர்ப்பும் தோன்றும். பர்கண்டியில் இந்தப் பக்குவத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது தெரு, மத்தியதரைக் கடலோரத்து லாங்தொக். கொர்பியேர், மினெர்வுவா, ஃபோஜேர், செயின்ட் ஷினியான் என்று பெயர்கள் பல. பழைய காரிஞான் கொடிகளோடு கிரெனாஷும் சிராவும் கலந்த, வெயிலின் வெம்மை குன்றாத ஒயின்கள். முன்னொரு காலத்தில் பட்டாளத்துக்கும் தொழிலாளிகளுக்கும் தண்ணீர்போல் ஒயினை இறைத்த பிரதேசம் என்ற பழைய அபவாதம் முற்றும் நீங்காமலிருப்பதே, இங்கே விலை இன்னும் நியாயமாயிருப்பதற்குக் காரணம்.

ஸ்பெயினும் போர்த்துக்கலும்

மற்ற தேசங்களில் பெரிய ஒயினை வாங்கினால் பெரும்பாலும் வீட்டு நிலவறையில் வைத்துப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்; ஸ்பெயினின் ரியோஹாவிலோ அந்தக் காத்திருத்தலைப் பண்ணையே நமக்காகச் செய்து, முதிர்ந்த பின் கடைக்கு அனுப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி பிரான்ஸின் கொடிகளை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் பிரெனே மலையைத் தாண்டி வந்து ஆரோ என்ற ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கிடங்குகள் கட்டிக்கொண்டார்கள். அவர்களோடு வந்த பீப்பாய்ப் பழக்கம், அவர்கள் திரும்பிப் போன பிறகும் அங்கேயே நிலைத்துவிட்டது.

ரியோஹாப் புட்டியைத் திருப்பிப் பிடித்தால் பின்புறம் ஒரு சிறிய முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அதன் நிறமே ஒயினின் வயதைச் சொல்லிவிடும். பச்சை, இளமையானது. சிவப்பு, கிரியான்சா, ஓக் பீப்பாயில் ஓராண்டு உட்பட இரண்டு ஆண்டு பக்குவப்பட்டது. கருஞ்சிவப்பு, ரெசெர்வா, பீப்பாயில் ஓராண்டு உட்பட மூன்று ஆண்டு. நீலம், கிரான் ரெசெர்வா; பீப்பாயில் இரண்டும் புட்டியில் இரண்டும் உட்பட ஐந்து ஆண்டு. அறுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் ஆன ஒயினை இவ்வளவு சகாய விலையில் தரும் பிரதேசம் ஐரோப்பாவில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். நம் கைக்கு அடக்கமாகப் பொருந்துவது ரெசெர்வா.

பீப்பாய் வாசனையை விரும்பாதவர்கள் கிழக்கே அரகோன் பிரதேசத்தின் கம்போ தெ போர்ஹாவுக்கும் கலதாயூதுக்கும் போகலாம். அங்கே கர்னாச்சா, அதாவது பிரான்ஸின் கிரெனாஷேதான், வறண்ட மேட்டு நிலத்தில் பந்தலில்லாமல் புதர்புதராக நிற்கிறது. பழமும் மதுசாரமும் நிறைந்த ஒயின், 14.5 சதவீதம் சாதாரணம் என்பதால் கோப்பையைச் சிறிதாக ஊற்றுவது உத்தமம்.

போர்த்துக்கலின் டூரோப் பள்ளத்தாக்கை 1756-ஆம் ஆண்டிலேயே பொம்பால் பிரபு எல்லை கட்டி வகுத்துவிட்டார். பலகைக்கல் மலையைப் படிப்படியாக வெட்டி அமைத்த அந்தத் தோட்டங்களின் திராட்சை நெடுங்காலம் போர்ட் என்ற இனிப்பு ஒயினுக்கே போய்க்கொண்டிருந்தது. இன்று அதே திராட்சையிலிருந்து, தூரிகா நாசியோனால் முதலிய ஐந்தாறு ஜாதிகளைக் கலந்து, இனிப்பில்லாத சிவப்பு ஒயினையும் செய்கிறார்கள். உலகுக்குப் பரிச்சயமில்லாத பெயர்கள் என்ற ஒரே காரணத்தால் இவை மலிவாயிருக்கின்றன. கருங்கல் நிலத்தின் தௌங் பிரதேசம் மென்மையையும், தெற்கேயுள்ள அலென்தேஜு கனிந்த பழச் சுவையையும் தருகின்றன.

இத்தாலி

இத்தாலியில் அடுத்த தெருவைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. பல சமயங்களில் பெரிய ஒயினுக்குத் தம்பி ஒருவன் அதே வீட்டிலேயே இருப்பான். மொந்தால்சினோ ஊரில் சாஞ்சோவேசே திராட்சையிலிருந்து செய்யும் புருனெல்லோ, அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டின் ஜனவரிக்கு முன்பு கடைக்கு வர முடியாது. அதே தோட்டத்தின் இளைய கொடிகளிலிருந்து வரும் ரோஸ்ஸோ தி மொந்தால்சினோ, அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிடும். நெபியோலோ திராட்சையின் மகுடமான பரோலோ, மரப் பீப்பாயில் 18 மாதம் உட்பட 38 மாதம் காத்திருக்கிறது. அதே நெபியோலோ, லாங்கே என்ற பொதுப் பெயரில் இளமையாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. பண்ணையின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பண்ணையின் தம்பி ஒயினை வாங்குவதே இங்கே வழி.

அதே பியெமோன்தே மாகாணத்தின் பார்பேரா, துவர்ப்புக் குறைந்து புளிப்பு மிகுந்தது; தக்காளி சேர்ந்த உணவுக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. 1986-இல் சில மோசக்காரர்கள் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்க, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோது பார்பேராவின் பெயரும் கெட்டது. அதன் பிறகு அந்தத் திராட்சையைச் சிரத்தையோடு வளர்த்துப் பெயரை மீட்டவர்கள் அஸ்தி, ஆல்பா ஊர்களின் தோட்டக்காரர்கள்.

தெற்கே கம்பானியாவின் தௌராசிக்குக் கொடுக்கும் விலையை நினைத்துத் தயங்குகிறவர்கள், அதே அல்யானிகோ திராட்சையை அவிந்த எரிமலைச் சரிவில் விளைவிக்கும் வுல்துரேயை நாடலாம். அப்ருட்சோவின் மொந்தெபுல்சானோ, தோஸ்கானா மாகாணத்து மொந்தெபுல்சானோ ஊரின் வீனோ நோபிலே என்னும் இரண்டும் வேறு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: முன்னது திராட்சையின் பெயர், பின்னது ஊரின் பெயர். அன்றாடத்துக்கு முன்னதே போதும்.

வீட்டுக்கு வந்த பின்

இந்த விலையில் வாங்கும் ஒயின்களைச் சேமித்து வைப்பதால் பிரயோஜனமில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியவை. 'அறை வெப்பத்தில் பரிமாறுக' என்ற பழைய சம்பிரதாயம், அறைகளைக் குழாய் வழியே சூடாக்காத காலத்தில் ஏற்பட்டது. கனத்த சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரியும், மொர்கோன் போன்ற இலேசானவற்றுக்கு 12 முதல் 14 டிகிரியும் உகந்தவை. இன்றைய வீட்டில் இதற்கு வழி, முன்னதைக் கால்மணி நேரமும் பின்னதை அரைமணி நேரத்துக்குக் குறையாமலும் குளிர்பெட்டியில் வைப்பதே. துவர்ப்பு மிகுந்த இளம் ஒயினைச் சாப்பாட்டுக்கு ஒருமணி நேரம் முன்னால் அகன்ற ஜாடியில் ஊற்றி வைத்தால் முரட்டுத்தனம் தணியும். மிஞ்சியதைத் தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

திறந்ததும் நனைந்த அட்டையின் பூஞ்சை வாடை வந்து, பழத்தின் மணம் அடியோடு மறைந்திருந்தால், தக்கையால் கெட்ட ஒயின் அது. கூச்சப்படாமல் புட்டியோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நல்ல கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். அடியில் படியும் வண்டலோ ஒரு குற்றமுமன்று.

நம் சமையலோடு அருந்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகாயின் எரிச்சல், மதுசாரத்தின் காரத்தையும் ஓக்கின் துவர்ப்பையும் பெருக்கிக் காட்டும். ஆகையால் மிளகாய்க் குழம்போடு இளம் போர்தோவை வைப்பதைவிட, குளிர்ந்த போஜோலேயை வைப்பது மேல். மிளகிட்டு வறுத்த ஆட்டிறைச்சியோ க்ரோஸ் எர்மிதாஷோடு இசைந்து போகும். இறைச்சியின் கொழுப்பு துவர்ப்பை அடக்க, மிளகு மிளகை அடையாளம் கண்டுகொள்ளும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 13.5 சதவீதம் உள்ள 750 மில்லிப் புட்டியில், பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரிகளின் கணக்கில், சற்றேறக்குறைய பத்து அலகு மதுசாரம் இருக்கிறது. வாரத்துக்குப் பதினான்கு அலகைத் தாண்டாமலிருப்பது நல்லது என்று 2016-இல் அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். குறைவாகவும் நல்லதாகவும் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் ஆறு புட்டிகள்

இவ்வளவையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க முடியாது. தொடங்குகிறவர், தம் வீட்டுக்கு அருகிலுள்ள தனி வியாபாரி ஒருவரைப் பழக்கம் செய்துகொண்டு, தாம் செலவிடக்கூடிய தொகையைத் தயங்காமல் சொல்லி, பின்வரும் ஆறையும் ஒவ்வொன்றாக வாங்கட்டும்: ஒரு மொர்கோன், கிராமப் பெயருள்ள ஒரு கோத் து ரோன் வில்லாஜ், ஒரு காஸ்தியோன், ஒரு ரியோஹா ரெசெர்வா, ஒரு டூரோச் சிவப்பு, ஒரு பார்பேரா. இலேசானதிலிருந்து கனத்ததுக்குப் போவது முறையாதலால், மொர்கோனையும் பார்பேராவையும் முதல் வாரங்களில் திறந்து, டூரோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் ஊர், பண்ணை, அறுவடை ஆண்டு, விலை, அன்று சாப்பிட்டது என்னும் ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, கீழே ஒரே வரியில் தம் அபிப்பிராயத்தை எழுதி வைக்க வேண்டும். புகழ்மொழிகள் வேண்டாம், 'மறுபடி வாங்குவேன்' அல்லது 'வாங்கேன்' என்பதே போதும்.

ஆறும் தீர்ந்த பின் அந்தக் குறிப்பைப் புரட்டினால், தம் நாக்கு புளிப்பை விரும்புகிறதா, முதிர்ச்சியை விரும்புகிறதா, பழத்தின் கனிவை விரும்புகிறதா என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். அப்போது, மறுபடி வாங்குவேன் என்று எழுதிய புட்டியில் அதே அறுவடை ஆண்டு கடையில் இருப்பு இருக்கும்போதே அரை டஜன் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த ஆண்டு அதே பெயரில் வருவது வேறு வெயிலும் வேறு மழையும் கண்ட ஒயின். அதை ஒரு புட்டி மட்டும் வாங்கிப் புதிதாகப் பரீட்சை செய்ய வேண்டும்.